மலையேறும் பழைய ஜீப்பின் கார்புரேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜீப், லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர் மாதிரி கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கருவி) வண்டி வைத்திருப்பவர்கள் மலைக்குப் போய்வந்ததும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கீழே பட்டுப்போல ஓடிய வண்டி மேலே போனதும் ஏன் திணறுகிறது, எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறும்போது செட்டிங்கை மாற்றாமல் விட்டால் வீணாவது பெட்ரோல். மேலே மாற்றியதை இறங்கும்போது திருப்பி வைக்காமல் விட்டால் போவது என்ஜின்.

உயரம் கூடினால் கார்புரேட்டருக்கு என்ன ஆகிறது?

கார்புரேட்டருக்கு ஒன்றும் ஆவதில்லை, காற்றுதான் மாறுகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.225 கிலோ. 1,500 மீட்டர் உயரத்தில் அது 1.06 கிலோவாகவும், 3,000 மீட்டரில் 0.91 கிலோவாகவும் குறைகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்கிற காற்றின் கொள்ளளவு எங்கேயும் ஒன்றுதான், ஆனால் அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் அப்படி மெலிவதில்லை. மேலேயும் கீழேயும் அதே அடர்த்திதான்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையான வென்ச்சுரி வழியாகக் காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்த இழுப்பில்தான் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு) வழியாகப் பெட்ரோல் வருகிறது. மேலே காற்று மெலிந்ததால் இழுப்பும் கொஞ்சம் குறையும், அதனால் பெட்ரோலும் கொஞ்சம் குறையும். ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. கணக்குப் போட்டால் கலவை 1,500 மீட்டரில் 7 முதல் 8 சதவீதமும், 3,000 மீட்டரில் சுமார் 16 சதவீதமும் ரிச்சாகிறது, அதாவது பெட்ரோல் மிஞ்சுகிறது. "மேலே போனால் பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் காற்றுதான் குறைவாக வருகிறது. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வண்டி ரிச்சாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சுமுட்டி, பிறகுதான் பிடிக்கும். சைலன்சரில் கறுப்புப் புகை வரும், கண் எரியும் அளவுக்கு வாடை அடிக்கும். சூடான என்ஜினை நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்தால் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் நான் நம்புவது ஸ்பார்க் பிளக்கை. ஒரு நல்ல மேட்டில் மூன்றாவது கியரில் இழுத்து ஏறுங்கள். அதே இழுவையில் கிளட்சை மிதித்து இக்னிஷனை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். பின்னால் வண்டி வராத, தட்டையாக முடிகிற இடமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் சாவியை முழுதாகத் திருப்பிவிடக் கூடாது. சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றி நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். வெளிர் காபி நிறம் என்றால் கலவை சரி. விரலில் தேய்த்தால் கண்மை போல ஒட்டும் உலர்ந்த கரி என்றால் ரிச். ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் அது கலவையின் கோளாறு இல்லை, பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து ஆயில் உள்ளே வருகிறது. பளீரென்று வெளுத்து நுனியில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை. அப்படிப் பார்த்தால் அந்த இடத்திலிருந்து வண்டியை வேகமாக ஓட்டாதீர்கள். இப்போது கிடைக்கும் ஈயமில்லாத பெட்ரோலில் இந்த நிறங்கள் பழைய காலம் போலத் துலக்கமாகப் படியாது. ஒரு பிளக்கை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

கார்புரேட்டரைத் தொடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கார்புரேட்டர்மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி இக்னிஷன் பக்கத்துக் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி, பிளக் இடைவெளி, டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), வால்வு இடைவெளி இந்த நான்கும் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். அப்புறம் சோக், அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு. கேபிள் இறுகிப்போய் சோக் தகடு கால்வாசி மூடியே நின்றால் கீழேயே ரிச்சாக ஓடும், மேலே போனால் சொல்லவே வேண்டாம். கேபிளை உள்ளே தள்ளியபின் தகடு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் ஃபில்டர் என்றால் எண்ணெய் குறிக்கு மேலே நிற்கக் கூடாது.

கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் காற்று கசிந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் செட்டிங் நிற்காது. லேண்ட் ரோவர் சீரீஸ் 3-இல் வரும் ஜெனித் 36 ஐவி கார்புரேட்டரில் மேல் மூடியின் பரப்பு வளைந்துபோவதும், உள்ளே இருக்கும் சிறிய ஓ-ரிங் தேய்வதும் அடிக்கடி நடப்பது. இரண்டுமே பெட்ரோலைத் தப்பான வழியில் இழுக்க விடும். அதைச் சரிசெய்யாமல் ஜெட் மாற்றுவது வீண்வேலை.

ஐட்லிங் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருக வேண்டும்?

இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் ஸ்க்ரூவில் இரண்டு வகை உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகட்டுக்கு அருகே, கார்புரேட்டரின் அடிப்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் அது கலவையையே அளந்து விடும் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் லீன். காற்று வழியில் இருந்தால் அது காற்றை மட்டும் விடும் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் ரிச். சந்தேகமாக இருந்தால், என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகிப் பாருங்கள். பெட்ரோல் இல்லாமல் தவித்து நின்றால் முதல் வகை. மூச்சுமுட்டிக் கரும்புகை விட்டால் இரண்டாவது.

எதையும் மாற்றும் முன் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே எண்ணுங்கள்: அரை, ஒன்று, ஒன்றேகால். மெல்லத் தட்டி நின்றதும் அந்த எண்ணிக்கையை எழுதி வையுங்கள். இறுக்கவே கூடாது. ஸ்க்ரூவின் கூர்முனையில் ஒரு வளையம் போலத் தடம் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் நுட்பமாக எதையும் அளக்க முடியாது. எழுதிய பிறகு, அதே எண்ணிக்கைக்கு வெளியே எடுத்துவிட்டு என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். பத்து நிமிடமாவது ஓட்டி வாருங்கள். பிறகு கால் சுற்றுக்கும் குறைவாக, கடிகாரத்தில் மணி முள் ஒரு மணிநேரத்தில் நகரும் அளவு ஸ்க்ரூடிரைவரின் பிடி நகரும்படி லீன் பக்கம் திருகி, ஐந்து விநாடி காத்திருங்கள். என்ஜின் உடனே பதில் சொல்லாது. வேகம் கூடும், இன்னும் சீராகும், அப்புறம் ஒரு இடத்தில் தளரத் தொடங்கும். தளரத் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு சிறு பங்கு திரும்பி வாருங்கள், அதுதான் இடம். 1,500 மீட்டருக்குப் பெரும்பாலும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுக்குள் முடிந்துவிடும். கடைசியாக ஐட்லிங் வேகம் குறைந்திருந்தால் திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

மேனிஃபோல்டில் உள்ள இழுப்பை (வேக்கம்) அளக்கும் வேக்கம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. முள் அதிகபட்சம் ஏறி ஆடாமல் நிற்கும் இடமே சரியான இடம். ஆனால் கீழே பார்த்த எண்ணை மேலே தேடாதீர்கள். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 அங்குலப் பாதரசம் குறையும். கடல் மட்டத்தில் 19 காட்டிய நல்ல என்ஜின் 1,500 மீட்டரில் 14 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

ஸ்க்ரூ மட்டும் போதாதா? ஜெட்டையும் மாற்ற வேண்டுமா?

ஐட்லிங் ஸ்க்ரூவின் ஆட்சி ஐட்லிங்கிலும், ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு ஊர்ந்துபோகும் வேகத்திலும்தான். அதற்கு மேல் ஓடுவது மெயின் ஜெட்டில். நின்றால் சீராக ஓடி, மேட்டில் இழுக்கும்போது மட்டும் கரும்புகை வந்தால் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. வண்டி 1,500 மீட்டருக்கு மேலே பல வாரம் நிற்கப் போகிறது என்றால் ஜெட்டை மாற்றுவது நியாயம்.

ஒருநாள், இரண்டுநாள் பயணத்துக்கும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஐட்லிங்கை மட்டும் கொஞ்சம் சரிசெய்துகொண்டு ஓட்டுங்கள். கொஞ்சம் ரிச்சாக ஓடும் என்ஜின் ஓரிரு நாளில் கெடாது. வாரக்கணக்கில் அப்படி ஓடினால்தான் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, கீழே ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

எந்த எண் ஜெட் போடுவது?

சோலெக்ஸ், வெபர் கார்புரேட்டர்களில் ஜெட்மேல் பொறித்த எண், துளையின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 125 என்றால் 1.25 மி.மீ. துளையின் பரப்பு 7 சதவீதம் குறைய விட்டம் அதில் பாதி அளவு குறைந்தால் போதும். அதனால் கீழே 125 சரியாக இருந்தால் 1,500 முதல் 2,000 மீட்டர்வரை 120, 3,000 மீட்டருக்குப் பக்கத்தில் 115 என்று தொடங்கலாம். 110-க்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம். ஒரு படி குறையுங்கள், ஓட்டுங்கள், பிளக்கைப் பாருங்கள், அப்புறம் அடுத்த படி.

எல்லாக் கம்பெனியும் விட்டத்தை எண்ணாகப் போடுவதில்லை. சில கார்புரேட்டர்களில் அந்த எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கும். ஒரு கார்புரேட்டரின் ஜெட் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டு வாங்காதீர்கள்.

சின்ன ஜெட் கிடைக்கவில்லை. பழையதை ஈயம் வைத்து அடைத்துத் துளைக்கலாமா?

கூடாது. ஜெட்டின் துளை வெறும் ஓட்டை இல்லை. வாயின் சரிவும் உள்சுவரின் வழவழப்பும் சேர்ந்துதான் பெட்ரோலை அளக்கின்றன. கையால் துளைத்த 1.20 மி.மீ. ஓட்டை எவ்வளவு விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே காரணத்தால்தான் அழுக்கு அடைத்த ஜெட்டைக் குத்தூசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு கீறல் போதும் கெடுக்க. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும். கழற்றும்போது ஜெட்டின் பள்ளத்தை முழுதாக நிரப்பும் அகலத்தில் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லையென்றால் பித்தளைக் காது பிய்ந்து, ஜெட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

வேலை செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சூடான என்ஜின்மேல், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறக்காதீர்கள்.

என் கார்புரேட்டரில் மீட்டரிங் ராடு இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

வில்லிஸ் ஜீப்பின் கார்ட்டர் டபிள்யூஓ-வில் ஜெட்டுக்குள் ஒரு மெல்லிய ராடு ஏறி இறங்கும். அடியில் ஒல்லியாகவும் மேலே தடிப்பாகவும் இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ராடு மேலே ஏறி, ஒல்லியான பகுதி ஜெட்டுக்குள் வந்து, பெட்ரோலுக்கு வழி விரிகிறது. இந்த வகையில் லீன் செய்ய வழி சற்றே தடித்த ராடு. கிடைக்காவிட்டால் ராடின் உயரத்தை அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். தேய்ந்த இணைப்புகளால் ராடு உயர்ந்தே நின்று, மேலே போகாமலே ரிச்சாக ஓடும் ஜீப்புகள் நிறைய.

பின்னால் வந்த கார்ட்டர் ஒய்எஃப் போன்றவற்றில் இந்த ராடை வேக்கம் டயாஃபிரமும் (மேனிஃபோல்டின் இழுப்புக்கு ஏற்ப அசையும் சவ்வு) அசைக்கும். மலையில் வேக்கம் குறைவதால், சும்மா போகும்போதே "முழு இழுவை கேட்கிறார்கள்" என்று நினைத்து அது ராடைத் தூக்கிவிடும். வேக்கம் குறைந்தால் கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வு வைத்த கார்புரேட்டர்களிலும் இதே கதை. மெயின் ஜெட்டைக் குறைத்தும் புகை நிற்கவில்லை என்றால் இங்கே தேடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போன சில லேண்ட் குரூசர்களில் உயரத்துக்கு ஏற்பத் தானாகவே கூடுதல் காற்றை விடும் ஓர் அமைப்பை டொயோட்டா வைத்தது. உங்கள் வண்டியில் அது இருந்து, குழாய்கள் கழன்று தொங்கினால், ஜெட்டுக்குப் போகும் முன் அவற்றை மாட்டிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் காற்று கூடுமே?

கூடும் காற்று சொற்பம், உள்ளே போகும் தூசி அதிகம். மண்பாதையில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிய என்ஜினுக்கு ரிங் தேய்மானம் சீக்கிரமே வந்துவிடும்.

கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டத்தை, அதாவது மிதவை மட்டத்தை, குறைத்து லீன் செய்யலாமா?

வேண்டாம். மிதவை மட்டம் கலவையைத் திருத்தும் கருவி இல்லை. அது புத்தகத்தில் உள்ள அளவில் இருந்தால்தான் மற்ற எல்லாமே பொருள்படும். காட்டுப்பாதை வண்டிக்கு இது இன்னும் முக்கியம். செங்குத்தான ஏற்றத்தில் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் சாய்கிறது. மிதவை எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதைப் பொறுத்து ஒன்று ஓவர்ஃப்ளோ ஆகும், அல்லது ஜெட் வாய் காய்ந்துபோகும். மட்டம் ஏற்கெனவே தப்பாக இருந்தால் சின்னச் சரிவிலேயே வண்டி நின்றுவிடும். எஃப்ஜே40 லேண்ட் குரூசரின் ஐசின் கார்புரேட்டரில் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. சமதளத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தாலே மட்டம் தெரிந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது.

டைமிங்கையும் மாற்ற வேண்டுமா?

மாற்றினால் பலன் உண்டு. அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரிகிறது, நாக்கிங்கும் (கலவை தானாகவே வெடித்து என்ஜின் தட்டுவது) எளிதில் வராது. எனவே பொறி விழும் நேரத்தை 2 முதல் 4 டிகிரிவரை முன்னதாக வைக்கலாம், இதுதான் அட்வான்ஸ். டிஸ்ட்ரிபியூட்டரை நகர்த்தும் முன் அதன் உடம்பிலும் பிளாக்கிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். நாக்கிங் கேட்டால் உடனே பின்வாங்குங்கள். சில்லறையைத் தகரப் பெட்டியில் போட்டுக் குலுக்கும் சத்தம் அது.

எல்லாம் சரிசெய்தும் பழைய இழுவை வரவில்லையே?

வராது. 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி போகும், அதை எந்த ஜெட்டாலும் மீட்க முடியாது. 2.2 லிட்டர் வில்லிஸ் என்ஜின் கடல் மட்டத்தில் 60 குதிரைத்திறன் தரும். 3,000 மீட்டரில் அது 44 பக்கம் வந்து நிற்கும். சரியான செட்டிங் செய்வது, மிச்சமிருக்கும் சக்தியை முழுதாகக் கையில் தருவதுதான். 4×4 கியரின் லோ ரேஞ்சை நேரத்தோடு போட்டு, என்ஜினைத் தாழ்ந்த சுழற்சியில் திணறவிடாமல் ஏறுங்கள்.

மேட்டில் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது. இதுவும் கார்புரேட்டரா?

பெரும்பாலும் வேப்பர் லாக். காற்றழுத்தம் குறைந்தால் எதுவுமே சீக்கிரம் கொதிக்கும். தண்ணீரே 3,000 மீட்டரில் ஏறக்குறைய 90 டிகிரியில் கொதிக்கும்போது, பெட்ரோலின் இலேசான பகுதி என்ஜின் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துவிடுகிறது. மெக்கானிக்கல் பம்ப் தொட்டியிலிருந்து இழுக்கும் குழாயில் அழுத்தம் இன்னும் குறைவு, அங்கேதான் முதலில் தொடங்கும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினால் கிளம்பிவிடலாம். நிரந்தரத் தீர்வு என்றால் பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தடித்த கேஸ்கெட் போடுவது. தொட்டிக்கு அருகில் எலக்ட்ரிக் பம்ப் வைப்பவர்கள் அழுத்தம் குறைந்த பம்பாகப் பார்த்து வையுங்கள். மிதவைக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் பழைய ஊசி வால்வுகள் பெரும்பாலும் 4 பிஎஸ்ஐக்கு மேல் தாங்காமல் ஓவர்ஃப்ளோ ஆகும்.

பிரேக் இறுகினது போலத் தெரிகிறது, ஏன்?

வேக்கம் சர்வோ (பிரேக் பெடலுக்கு உதவும் அமைப்பு) உள்ள வண்டியில் உங்கள் காலுக்கு உதவுவது வெளிக்காற்றின் அழுத்தம். மேலே அது குறைவு, அதனால் பெடலைக் கூடுதலாக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் என்ஜின் அணைந்துபோனால் அந்த உதவியும் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். ஐட்லிங் செட்டிங் சரியாக இல்லாத வண்டியோடு நீண்ட இறக்கத்தில் இறங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கீழே இறங்கும்போது என்ன செய்ய வேண்டும்?

மாற்றிய எல்லாவற்றையும் திருப்பி வைக்க வேண்டும்: ஜெட், ஸ்க்ரூ, டைமிங். மெலிந்த காற்றுக்கு அளந்து வைத்த பெட்ரோல், கீழே அடர்ந்த காற்றுக்குப் போதாது. போதாத பெட்ரோலோடு முழு இழுவையில் ஓடினால் எரிப்பறை அதிகமாகச் சூடேறி, எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு கருகும், பிஸ்டன் தலையும் உருகலாம். ரிச் என்றால் புகை காட்டி எச்சரிக்கும். லீன் அப்படி இல்லை. முதலில் வண்டி இன்னும் சுறுசுறுப்பாகவே தெரியும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. மேலே ஒரு மாதம் தங்கி, ஜெட்டை இரண்டு படி குறைத்து, டைமிங்கை 4 டிகிரி ஏற்றியிருந்தேன். விடியற்காலையில் இறங்கினேன். சமவெளியில் நாற்பது நிமிடம் நேராக ஓட்டியபின் ஒரு பாலத்தின் மேட்டில் அந்தச் சில்லறைச் சத்தம் கேட்டது. நிறுத்திப் பிளக்கை எடுத்தபோது மூன்றாவது சிலிண்டரின் பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்து, மின்முனையின் ஓரம் மழுங்கியிருந்தது. அங்கேயே நிழலில் நிறுத்தி, என்ஜின் ஆறியதும் பழைய ஜெட்டைப் போட்டேன். இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் அந்த வால்வு மிஞ்சியிருக்காது. அன்றிலிருந்து மேலே எதை மாற்றினாலும், கழற்றிய ஜெட்டை ஒரு சிறு டப்பாவில் போட்டு, ஸ்க்ரூவின் பழைய சுற்று எண்ணிக்கையையும் டைமிங்கையும் எழுதிய அட்டையோடு சேர்த்து ஸ்டியரிங்கில் கட்டிவிடுகிறேன்.

பழைய ஜெட்டைத் திருப்பிப் போட்டபின் எதைச் சரிபார்ப்பது?

கிண்ணத்தின் மூடியையும், ஜெட்டை எடுக்கக் கழற்றிய மூடித் திருகின் வாஷரையும் பாருங்கள். பழைய ஃபைபர் வாஷர் இரண்டாவது முறை சரியாக அடைக்காது, புதிதாகப் போடுங்கள். என்ஜினை ஓடவிட்டு, மூடி ஓரத்தில் உலர்ந்த விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் உடனே அணைத்து மறுபடி இறுக்குங்கள். கசிவு இல்லை என்று உறுதியான பிறகு பத்து நிமிடம் சூடாக்கி, ஐட்லிங்கை எழுதி வைத்த எண்ணிக்கைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மேட்டில் இழுத்துப் பார்த்து, பிளக் நிறத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.